மலிவான படை யாருடைய கணக்கில்?

அக்னிபத் திட்டத்தின்கீழ் 2022 இறுதியிலும் 2023 தொடக்கத்திலும் பயிற்சி முகாம்களுக்குள் நுழைந்த முதல் அணி வீரர்களின் நான்காண்டுப் பணி, 2026 இறுதிக்கும் 2027 தொடக்கத்துக்கும் இடையில் நிறைவுபெறுகிறது. அவர்களில் 25 சதவீதம் வரையிலானோர் நிரந்தரப் பணிக்கு எடுத்துக்கொள்ளப்படுவர். எஞ்சியோர் சேவா நிதித் தொகையுடன் ஊர் திரும்புவர். துப்பாக்கியைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த, வரைபடம் பார்த்து இரவில் வழி காணத் தெரிந்த, கட்டளைக்குக் கட்டுப்பட்டுப் பழகிய இந்த இளைஞர்களை நாடு என்ன செய்யப்போகிறது என்ற கேள்வி, இதுவரை வேலைவாய்ப்புப் பிரச்னையாக மட்டுமே பேசப்பட்டு வருகிறது. அது பாதுகாப்புச் செலவு பற்றிய கேள்வியும்கூட என்பதே என் கருத்து.

நான் வசிக்கும் புளியங்குடியில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து ஊர்கள் பலவற்றிலும் உள்ளதைப் போலவே, காவலர் தேர்வுக்கும் ராணுவத் தேர்வுக்கும் விடியற்காலையில் ஓடிப் பழகும் இளைஞர்களைக் காணலாம். எலுமிச்சையையும் அதன் சந்தையையும் நம்பி வாழும் ஊர் இது. மழை பொய்க்கும் ஆண்டிலும் விலை சரியும் ஆண்டிலும் மாதச் சம்பளம், ஓய்வூதியம் என்ற இரு சொற்களுக்கு இங்கே தனி மதிப்பு உண்டு. அந்த இரண்டாவது சொல் அக்னிவீரரின் பணி ஒப்பந்தத்தில் இல்லை. அது ஏன் நீக்கப்பட்டது என்பதற்கு அரசிடம் காரணம் இருக்கிறது. அதைப் புறந்தள்ள முடியாது.

2025-26-ஆம் ஆண்டு மத்திய நிதிநிலை அறிக்கையில் பாதுகாப்பு அமைச்சகத்துக்கு ஒதுக்கப்பட்டது ஏறத்தாழ ரூ.6.81 லட்சம் கோடி. அதில் ஓய்வூதியத்துக்கு மட்டும் ரூ.1.60 லட்சம் கோடி. அதாவது ஒவ்வொரு ரூபாயிலும் ஏறத்தாழ 24 காசு. புதிய விமானங்கள், கப்பல்கள், பீரங்கிகள் உள்ளிட்ட மூலதனச் செலவு முழுமைக்கும் ஒதுக்கப்பட்டது ரூ.1.80 லட்சம் கோடிதான். பாதுகாப்புத் துறையின் சிவில் ஊழியர்களுக்கான ஓய்வூதியமும் இந்தத் தொகையில் அடங்கும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். முழுப் பழியையும் சிப்பாயின் மீது சுமத்துவது நியாயமாகாது. ஆயினும், நேற்று போரிட்டவர்களுக்குத் தரும் தொகை, நாளை போரிடத் தேவையான கருவிகளுக்குத் தரும் தொகையை நெருங்கிவிட்டது என்பது எந்த அரசையும் யோசிக்க வைக்கும்.

ஆகவே 'மலிவான படை' ஒன்றைத் தேடும் முயற்சி இயல்பானது. ஆனால் எது மலிவு, யாருக்கு மலிவு, எத்தனை காலத்துக்கு மலிவு என்று கேட்காமல் போடும் கணக்கு பிழைபட்டுவிடும்.

மூன்று வகை, மூன்று பயன்

படைகளை அவற்றின் ஆயத்த நிலையைக் கொண்டு மூன்றாகப் பிரிப்பது உலக வழக்கம். முதலாவது, ஆண்டு முழுவதும் முழு எண்ணிக்கையில் சீருடையில் இருக்கும் நிரந்தரப் படை. இரண்டாவது, ரிசர்வ் எனப்படும் இருப்புப் படை. இதன் வீரர்கள் வேறு தொழில் செய்துகொண்டே ஆண்டில் சில வாரங்கள் பயிற்சி பெறுவர், அழைப்பு வந்தால் சீருடை அணிவர். மூன்றாவது, கேடர் படை. ஒரு பட்டாலியனுக்குரிய அதிகாரிகள், சுபேதார்கள், ஹவில்தார்கள் ஆகியோரில் ஒரு சிறு குழு மட்டும் முழுநேரப் பணியில் இருக்கும். சிப்பாய்களின் இடங்கள் காலியாகக் கிடக்கும். ஆயுதங்கள் கிடங்கில் பூட்டியிருக்கும். போர் வந்தால் ஆள் சேர்த்து அந்தச் சட்டகத்தை நிரப்ப வேண்டும். அடித்தளமும் தூண்களும் மட்டும் எழுப்பி வைத்துவிட்டு, குடும்பம் பெருகும்போது சுவர் எழுப்பிக்கொள்ளலாம் என்று விட்டு வைத்த வீட்டைப் போன்றது அது.

நம் நாட்டில் பெயர்கள் சற்றுக் குழப்பம் தரும். மத்திய ரிசர்வ் போலீஸ் படையின் பெயரில் ரிசர்வ் இருக்கிறது. ஆனால் அது முழுநேரப் படை. இருப்புப் படை என்பதன் பொருளை உணர நமக்குப் பழக்கமான உதாரணம் ஊர்க்காவல் படைதான். குற்றாலத்தில் சாரல் பருவம் தொடங்கி, பேரருவியிலும் ஐந்தருவியிலும் கூட்டம் பெருகும் வாரங்களில் காவலர்களுக்குத் துணையாக ஊர்க்காவல் படையினர் நிற்பதைக் காணலாம். மற்ற நாள்களில் அவர்களுக்குச் சொந்தத் தொழில் உண்டு. கூட்டம் சில வாரங்களுக்கு மட்டும்தான் என்பதால் அந்த ஏற்பாடு சிக்கனமாகிறது. பன்னிரண்டு மாதமும் அருவிக்கரையில் அதே கூட்டம் நின்றால், அத்தனை பேரையும் நிரந்தரக் காவலர்களாக நியமிப்பதே முறையாக இருக்கும்.

படைக் கணக்கின் முதல் பாடம் இதுவே. நிரந்தரப் படையிடம் அரசு விலைக்கு வாங்குவது நேரத்தை. இன்று இரவே புறப்படக்கூடிய ஆயத்தத்தை. இருப்புப் படையிடம் வாங்குவது எண்ணிக்கையை. கேடர் படையிடம் வாங்குவது, பின்னாளில் பெருகிக்கொள்ளும் ஆற்றலை. மூன்று வெவ்வேறு பொருள்களுக்கு ஒரே தராசில் விலை பார்ப்பது பொருந்தாது.

ஒரு கூட்டல் கணக்கு

அக்னிவீரருக்கு முதலாண்டில் மாதம் ரூ.30,000, அடுத்தடுத்த ஆண்டுகளில் ரூ.33,000, ரூ.36,500, ரூ.40,000 என ஊதியம் நிர்ணயிக்கப்பட்டது. நான்காண்டுக்குக் கூட்டினால் ரூ.16.74 லட்சம். அவர் ஊதியத்தில் 30 சதவீதம் பிடிக்கப்பட்டு, அதற்கு ஈடாக அரசும் ரூ.5.02 லட்சம் செலுத்துகிறது. ஆக, உணவு, உடை, பயிற்சி, காப்பீடு, இடர்ப்படிகள் ஆகியவற்றைச் சேர்க்காமலே ஓர் அக்னிவீரருக்காக அரசு நான்காண்டில் செலவிடுவது ரூ.21.76 லட்சம்.

இனி, அவரையே இருப்பு வீரராக வைத்துக்கொண்டால் எவ்வளவு ஆகும் என்று பார்க்கலாம். இது அரசு அறிவித்த கணக்கல்ல. ஒப்பீட்டுக்காக நானே போட்டுப் பார்ப்பது. பிராந்திய ராணுவத்தில் உள்ளதைப் போல ஆண்டுக்கு இரண்டு மாதப் பயிற்சி என்று கொள்வோம். அதற்கு மாதம் ரூ.40,000 வீதம் ரூ.80,000. மற்றப் பத்து மாதங்களுக்கு, அழைத்தால் வருவேன் என்ற உறுதிக்காக மாதம் ரூ.5,000 வீதம் ரூ.50,000. மொத்தம் ஆண்டுக்கு ரூ.1.30 லட்சம். முழுநேர வீரருக்கு அதே ஊதிய விகிதத்தில் ஆண்டுக்கு ரூ.4.80 லட்சம். அதாவது இருப்பு வீரரின் செலவு முழுநேர வீரரின் செலவில் 27 சதவீதம் மட்டுமே. அமெரிக்காவின் ரிசர்வ் படைகள் கொள்கை வாரியம் 2013-இல் வெளியிட்ட அறிக்கையும், அழைக்கப்படாத இருப்பு வீரருக்கு ஆகும் செலவு முழுநேர வீரருக்கு ஆவதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு என்றே கூறியது.

இந்த இடத்தில் கணக்கை முடித்துக்கொள்பவர்கள் 73 சதவீதம் மிச்சம் என்று மகிழ்வார்கள். ஆனால் 'அழைக்கப்படாத' என்ற சொல்லில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

கிழக்கு லடாக்கிலோ சியாச்சினிலோ ஓர் இடத்தில் ஆண்டு முழுவதும், ஆண்டுதோறும் ஒரு வீரர் நிற்க வேண்டும் என்று கொள்வோம். ஒரே ஆளை அங்கேயே நிறுத்தி வைக்க முடியாது. நிரந்தரப் படையில் குறைந்தது மூவர் வேண்டும்; ஒருவர் எல்லையில், ஒருவர் திரும்பி வந்து ஓய்வில், ஒருவர் அடுத்துச் செல்வதற்கான ஆயத்தத்தில். இருப்புப் படையில் ஆறு பேர் வேண்டும். ஓராண்டு அழைத்தால் ஐந்தாண்டு அவரவர் தொழிலுக்கு விட்டுவிட வேண்டும் என்பது இராக், ஆப்கானிஸ்தான் போர்களின்போது அமெரிக்க ராணுவம் தனக்கு வகுத்துக்கொண்ட இலக்கு. மூன்று முழுநேர வீரருக்கு ஆண்டுச் செலவு ரூ.14.40 லட்சம். ஆறு இருப்பு வீரரில் ஒருவருக்கு முழு ஊதியமும் ஐவருக்குத் தலா ரூ.1.30 லட்சமும் சேர்த்தால் ரூ.11.30 லட்சம். 73 சதவீதமாகத் தெரிந்த மிச்சம் இப்போது ஏறத்தாழ 22 சதவீதமாகச் சுருங்கிவிட்டது. மலைப்போருக்கு முந்தைய பயிற்சி மாதங்களையும், அவர் விட்டு வந்த வேலையில் ஏற்படும் இழப்பையும் சேர்த்தால் அதுவும் கரைந்துவிடக்கூடும்.

நிரந்தர வீரரின் ஓய்வூதியத்தை இதில் சேர்க்கவில்லையே என்று கேட்கலாம். சேர்த்தால் இடைவெளி விரியும் என்பது உண்மை. ஆனால் பிராந்திய ராணுவத்திலும், அழைப்பின்பேரில் ஆற்றிய பணிக்காலம் மொத்தம் 15 ஆண்டுகள் நிறைந்தால் சிப்பாய் ஓய்வூதியத்துக்குத் தகுதி பெறுகிறார். இருப்புப் படையை ஓயாமல் அழைத்துக்கொண்டே இருந்தால், அது பெயரில் மட்டும் இருப்புப் படையாகவும் செலவில் நிரந்தரப் படையாகவும் மாறிவிடும்.

எனவே, தொடர்ச்சியாகக் காக்க வேண்டிய எல்லைக்கு நிரந்தரப் படை. எப்போதோ ஒருமுறை வரக்கூடிய பெரும் போருக்கு இருப்புப் படை. இந்தியாவுக்கு இரண்டு ஆபத்துகளும் உள்ளன. முதலாவதுக்கு மட்டும் ஆள் வைத்திருக்கிறோம். இரண்டாவதையும் அதே ஆள்களைக் கொண்டு சமாளிக்கலாம் என்று நம்புகிறோம்.

கிடங்கும் ஹவில்தாரும்

கேடர் படையின் கணக்கு இன்னும் நுட்பமானது. ஒரு காலாட்படை பட்டாலியனில் ஏறத்தாழ 800 பேர் இருப்பார்கள். பத்தில் ஒருவரை மட்டும் வைத்துக்கொண்டால் செலவும் பத்தில் ஒன்றாகிவிடாது. எஞ்சும் 80 பேரும் மூத்தவர்கள், ஊதியம் மிக்கவர்கள். மேலும், ஆள் 80 என்றாலும் துப்பாக்கி 800 பேருக்கும் வேண்டும். வாகனமும் தொலைத்தொடர்புக் கருவியும் வேண்டும். அவை துருப்பிடிக்காமல் பார்த்துக்கொள்ளவும் ஆள் வேண்டும். ஆளே பெருஞ்செலவாக இருக்கும் காலாட்படையில் கேடர் முறை மிச்சம் தரும். கருவியே பெருஞ்செலவாக இருக்கும் டாங்கிப் படையில் அந்த மிச்சம் சிறிது.

இந்தக் கிடங்குக் கணக்கில் நாம் தடுமாறியதற்கு ஆதாரங்கள் உள்ளன. சீன எல்லைக்கென மலைத் தாக்குதல் கோர் ஒன்றை அமைக்க 2013-இல் மத்திய அமைச்சரவைக் குழு ஒப்புதல் அளித்தது. 90,000 வீரர்கள், மதிப்பீடு ரூ.64,000 கோடிக்கும் மேல். புதிய படைக்கு, போர்க்காலத்துக்கென ஒதுக்கி வைத்திருந்த கையிருப்பிலிருந்து தளவாடங்கள் எடுத்துத் தரப்படுவதை நாடாளுமன்ற நிலைக்குழு கண்டித்தது. பின்னர் நிதிப் பற்றாக்குறையால் அந்த விரிவாக்கமே பாதியில் நின்றது. 40 நாள் கடும் போருக்குத் தேவையான வெடிபொருள் கையிருப்பில் பெருங்குறை இருப்பதை 2017-இல் இந்திய தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் சுட்டிக்காட்டினார். இருக்கும் படைக்கே கையிருப்பு போதாதபோது, இல்லாத படைக்குக் கிடங்கு நிரப்புவது எளிதல்ல.

கிடங்கைவிட அரிய பொருள் ஒன்று உண்டு. அது அனுபவம் முதிர்ந்த ஹவில்தார். ஒரு சிப்பாயைச் சில மாதங்களில் பயிற்றுவித்துவிடலாம். இரவில் பயந்து நிற்கும் பத்துப் பேரை அதட்டியும் அணைத்தும் நடத்திச் செல்லத் தெரிந்தவர் உருவாகப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகும். கேடர் படை என்ற எண்ணத்தின் உட்கருத்தே, எளிதில் கிடைப்பதை விட்டுவிட்டு எளிதில் கிடைக்காததைக் காப்பாற்றி வைப்பதுதான்.

மதராஸ் ரெஜிமென்ட்டின் வரலாறு இதை நமக்கு உணர்த்தும். பதினெட்டாம் நூற்றாண்டில் வேர்கொண்ட பழம்பெரும் படை அது. முதல் உலகப் போருக்குப் பின், சிக்கனத்தின் பெயரால் 1920-களில் அதன் நிரந்தரப் பட்டாலியன்கள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. பகுதிநேரப் பிராந்தியப் பட்டாலியன்களில் மட்டுமே அந்தப் பெயர் உயிரோடிருந்தது. இரண்டாம் உலகப் போர் வந்தபோது 1941-42-இல் அதை மீண்டும் எழுப்ப வேண்டியதாயிற்று. போரின் தொடக்கத்தில் ஏறத்தாழ 2 லட்சமாக இருந்த இந்திய ராணுவம், போர் முடிவில் 25 லட்சத்தைத் தாண்டியது. அந்த விரைவான பெருக்கத்துக்குக் கொடுத்த விலை மலாயாவில் தெரிந்தது. புதிய பட்டாலியன்களுக்காகப் பழைய பட்டாலியன்களிலிருந்து தேர்ந்த அதிகாரிகளும் ஹவில்தார்களும் பிரித்தெடுக்கப்பட்டனர். அனுபவமற்ற இளைஞர்களோடு அந்தப் பட்டாலியன்கள் ஜப்பானியரை எதிர்கொண்டன. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்ததற்கு வேறு காரணங்களும் உண்டு, இதுவும் ஒன்று.

ரஷியாவின் அனுபவமும் இத்தகையதே. சோவியத் காலத்திலிருந்து தொடர்ந்த கேடர் படைப்பிரிவுகளைச் செலவு மிகுந்த வெற்றுச் சட்டகங்கள் என்று கருதி, 2008-இல் தொடங்கிய சீர்திருத்தத்தில் அந்நாடு கலைத்தது. தரைப்படையின் 1,890 அலகுகள் 172 ஆகக் குறைக்கப்பட்டன. சிறிய, கூர்மையான படை கிடைத்தது. ஆனால் உக்ரைன் போர் நீண்டு, 2022 செப்டம்பரில் 3 லட்சம் பேரை அழைக்க நேர்ந்தபோது, அவர்களை வாங்கிப் பயிற்றுவிக்க வேண்டிய அதிகாரிகளும் பயிற்சிக் கட்டமைப்பும் போதவில்லை. சட்டகத்தைக் கலைத்த மிச்சத்தை வட்டியோடு திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது.

பாளையங்களின் பழைய கணக்கு

செலவைக் குறைப்பதற்கும் செலவை வேறொருவர் தலையில் மாற்றி வைப்பதற்கும் உள்ள வேறுபாட்டை அறிய நாம் ரஷியா வரை செல்ல வேண்டியதில்லை. மதுரை நாயக்கர் ஆட்சியில் அரியநாத முதலியார் வகுத்ததாகச் சொல்லப்படும் 72 பாளையங்கள், ஒரு வகையில் இருப்புப் படை ஏற்பாடுதான். புளியங்குடியைச் சுற்றியுள்ள நெற்கட்டும்செவல், தலைவன்கோட்டை, சொக்கம்பட்டி, சிவகிரி, ஊத்துமலை ஆகியவை எல்லாம் பாளையங்களே. பாளையக்காரரின் வருவாயில் ஒரு பங்கு மதுரைக்கு, ஒரு பங்கு படைக்கு, ஒரு பங்கு தமக்கு என்பது மரபாகச் சொல்லப்படும் கணக்கு. அந்தப் படைவீரர்கள் அமைதிக் காலத்தில் நிலத்தோடும் ஊர்க்காவலோடும் வாழ்ந்தனர். அழைப்பு வந்தால் ஆயுதம் ஏந்தினர். மதுரையின் கருவூலத்திலிருந்து மாதச் சம்பளம் இல்லை. ஆகவே மதுரைக்கு அது மலிவான படை.

ஆனால் அந்தப் படையின் விசுவாசம் மதுரையைவிட, சோறு போட்ட பாளையத்தின் மீதே இருந்தது. மைய ஆட்சி தளர்ந்தபோது ஒவ்வொரு பாளையமும் தனி அரசாக நின்றது. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் ஆற்காட்டு நவாபும் கிழக்கிந்திய கம்பெனியும் வரி கேட்டு வந்தபோது, நெற்கட்டும்செவல் பூலித்தேவர் எதிர்த்து நிற்க முடிந்ததும் அந்தப் படையால்தான். நமக்கு அது பெருமைக்குரிய வரலாறு. கம்பெனியின் கணக்கரோ அதிலிருந்து வேறு பாடம் கற்றார். 1801-இல் போர்கள் முடிந்ததும் பாளையங்களின் ஆயுதங்கள் பறிக்கப்பட்டன; கோட்டைகள் இடிக்கப்பட்டன; படைச்சேவைக்குப் பதிலாகப் பணமாகவே வரி வாங்கப்பட்டது. அந்தப் பணத்தில் கம்பெனி தன் சம்பளப் பட்டாளத்தை வளர்த்தது. படைக்கு யார் சோறு போடுகிறாரோ அவருக்கே படை சொந்தம் என்பதை அது புரிந்துவைத்திருந்தது.

இருப்புப் படையை அமைக்கும் இக்கால அரசுகளும் இந்தக் கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டும். சிங்கப்பூர் நேர்மையான விடையைச் சொல்கிறது. அங்கே ஆண்கள் அனைவரும், தமிழ் இளைஞர்கள் உள்பட, இரண்டு ஆண்டு தேசிய சேவை முடித்தபின் பல ஆண்டுகள் இருப்பு வீரர்களாகத் தொடர்கிறார்கள்; ஆண்டுக்கு 40 நாள் வரை அழைக்கப்படலாம். அந்நாள்களுக்கு அவர்கள் தம் வழக்கமான வேலையில் பெறக்கூடிய சம்பளத்தை அரசே ஈடுசெய்கிறது. செலவு தொழில் நிறுவனத்தின் தலையிலோ குடும்பத்தின் தலையிலோ விழாமல், அரசின் கணக்கிலேயே ஏறுகிறது. பிரிட்டனோ நிரந்தர ராணுவத்தை 1,02,000-லிருந்து 82,000 ஆகக் குறைத்து, அந்த இடைவெளியை 30,000 பயிற்சி பெற்ற இருப்பு வீரர்களைக் கொண்டு நிரப்புவதாக 2012-இல் திட்டமிட்டது. நிரந்தர வீரர்களைக் குறைப்பது திட்டப்படி நடந்தது; இருப்புப் படைக்கு ஆள் சேர்ப்பது பின்தங்கியது. மிச்சம் உறுதியாக வரும், மாற்று மெதுவாக வரும் என்பது அதன் பாடம்.

நம்மிடம் இருப்பவை

இந்தியாவில் இருப்புப் படைக்கான விதைகள் இல்லாமல் இல்லை. பிராந்திய ராணுவத்தை 1949 அக்டோபர் 9-இல் தொடங்கி வைத்தவர் அன்றைய கவர்னர் ஜெனரல் ராஜாஜி. 1962, 1965, 1971 போர்களில் அதன் அலகுகள் அழைக்கப்பட்டன. கோவையிலும் திருச்சியிலும் அதன் பட்டாலியன்கள் உள்ளன. 2025 மே மாதம், ஆபரேஷன் சிந்தூர் நாள்களில், பிராந்திய ராணுவத்தினரை அழைத்துக்கொள்ளும் அதிகாரம் ராணுவத் தலைமைத் தளபதிக்கு வழங்கப்பட்டது. 32 காலாட்படை பட்டாலியன்களில் 14-ஐப் பணியில் ஈடுபடுத்த வகை செய்யப்பட்டது. அந்த அறிவிப்பிலேயே ஒரு வரி இருந்தது: நிதிநிலையில் பணம் இருந்தால் மட்டுமே அழைக்க வேண்டும், வேறு அமைச்சகம் கேட்டு அழைக்கப்படும் அலகுகளின் செலவு அந்த அமைச்சகத்தின் கணக்கில் எழுதப்படும். போர்ச்சூழலிலும் கணக்குப் புத்தகத்தை மூடாத அந்த எச்சரிக்கை பாராட்டத்தக்கது. அதே கண்டிப்பு அமைதிக் காலத் திட்டமிடலிலும் வேண்டும்.

பழைய சிப்பாய் முறையிலும் ஒரு விதை இருந்தது. 1976 வரை சிப்பாயின் நேரடிப் பணி பெரும்பாலும் 7 ஆண்டுகள். அதன்பின் அவர் இருப்புப் பட்டியலில் தொடர்ந்தார். இரண்டும் சேர்ந்து 15 ஆண்டுகள் ஆனால், இருப்பு வீரருக்கென ஓர் ஓய்வூதியம் உண்டு. பின்னர் நேரடிப் பணிக்காலம் 17 ஆண்டுகள் வரை நீட்டிக்கப்பட்டது. அதன் விளைவாக ஏறத்தாழ ஒவ்வொரு சிப்பாயும் முழு ஓய்வூதியத்துக்கு உரியவரானார். முப்பதுகளின் பின்பகுதியில் ஓய்வுபெற்று, அதன்பின் பல பத்தாண்டுகள் அதைப் பெற்றார். இன்றைய ஓய்வூதியச் சுமையின் ஒரு வேர் அங்கே இருக்கிறது. இதைக் கண்ட கார்கில் ஆய்வுக் குழு, பணிக்காலத்தை 7 முதல் 10 ஆண்டுகளாகக் குறைத்து, வீரர்களைத் துணை ராணுவப் படைகளுக்கு அனுப்பலாம் என்று 2000-ஆம் ஆண்டுக்கு முன்பின்னாகவே பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரையில் இரண்டு பகுதிகள் இருந்தன: சீக்கிரம் விடுவிப்பது, விடுவித்தவரின் திறனை வீணாக்காமல் இருப்பது.

அக்னிபத் முதல் பகுதியை 7 ஆண்டுகளினும் சுருக்கி 4 ஆண்டுகளாக்கி நிறைவேற்றிவிட்டது. இரண்டாவது பகுதிக்கு மத்திய ஆயுதப் படைகளில் இடஒதுக்கீடு போன்ற அறிவிப்புகள் உள்ளன. ஆனால் ஊதியத்துடன்கூடிய, ஆண்டுதோறும் பயிற்சி தரும் இருப்புப் படை என்பது திட்டம் அறிவிக்கப்பட்டபோது அதன் அங்கமாக இருக்கவில்லை. ரூ.21.76 லட்சத்துக்கு மேல் செலவிட்டு உருவாக்கிய திறனை, அதைத் தக்கவைக்க ஆண்டுக்கு ரூ.1.30 லட்சம் ஒதுக்காமல் விட்டுவிடுகிறோம். தென்னம்பிள்ளை நட்டு நான்காண்டு நீர் ஊற்றி, பாளை விடும் பருவத்தில் வாய்க்காலை அடைப்பதற்கு ஒப்பானது இது.

இந்த ஒதுக்கீடு நாட்டுக்குத் தாங்குமா என்றும் பார்க்க வேண்டும். முதலாண்டுக்கு அறிவிக்கப்பட்ட ஆள்சேர்ப்பு 46,000. ஒவ்வோர் ஆண்டும் அதே எண்ணிக்கையில் சேர்ந்து, முக்கால் பங்கினர் வெளியேறினால் 34,500 பேர். அவர்கள் அனைவரையும் ஐந்தாண்டு இருப்பில் வைத்திருந்தால், எந்த நேரத்திலும் 1,72,500 இருப்பு வீரர்கள் நம்மிடம் இருப்பார்கள். என் கணக்குப்படி ஆண்டுச் செலவு ஏறத்தாழ ரூ.2,240 கோடி. ரூ.1.60 லட்சம் கோடி ஓய்வூதிய ஒதுக்கீட்டில் அது ஏறத்தாழ 1.4 சதவீதம். உணவு, பயணம், முகாம், தளவாடம் ஆகியவற்றுக்காக அதை இருமடங்காக்கினாலும் 3 சதவீதத்தைத் தாண்டாது.

மறுப்புகள் இல்லாமல் இல்லை. ஆண்டுக்கு இரண்டு மாதம் மட்டும் பயிலும் வீரரை லடாக்கின் உயரத்தில் நிறுத்த முடியுமா என்று ராணுவத்தினர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. 1990-91 வளைகுடாப் போரின்போது ஜார்ஜியா மாநிலத்தின் 48-ஆவது காலாட்படை பிரிகேடை அமெரிக்கா அழைத்தது. அது கலிபோர்னியப் பாலைவனத்தில் பயிற்சியை முடிப்பதற்குள் போரே முடிந்துவிட்டது. முழு பிரிகேடாக இருப்புப் படையை முன்னணிக்கு அனுப்ப நினைப்பதில்தான் அந்தச் சிக்கல். விநியோகப் பாதைக் காவல், பாலங்கள், முகாம்கள், உள்நாட்டு நிலைகள், பேரிடர் மீட்பு ஆகியவற்றை இருப்பு வீரர்களிடம் விட்டு, அங்குள்ள நிரந்தர வீரர்களை முன்னணிக்கு விடுவிப்பது இயலக்கூடியதே. தனித்தனி ஆளாக வைத்திராமல், ஒவ்வொரு ரெஜிமென்ட்டும் அதிகாரிகளும் ஹவில்தார்களும் கொண்ட ஒரு கேடர் பட்டாலியனை வைத்து, தன் அக்னிவீரர்களை அதன் பட்டியலில் தொடரச் செய்தால், அழைக்கும்போது அவர்கள் அறிமுகமற்றவர்களாக வந்து நிற்கமாட்டார்கள்.

தனியார் நிறுவனங்கள் இரண்டு மாதம் விடுப்புத் தருமா என்பது அடுத்த கேள்வி. சட்டப் பாதுகாப்பும் ஊதிய ஈடும் இல்லாவிட்டால் தராது. இருப்பு வீரர் என்று தெரிந்தால் வேலைக்கே எடுக்காது. சிறு கடையும் தோட்டமும் பட்டறையும் நிறைந்த எங்கள் பகுதி போன்ற இடங்களில் இது இன்னும் கடினம். எலுமிச்சை மண்டியில் ஆள் தேவைப்படும் கோடையில் ஒருவரை முகாமுக்கு அழைத்தால், நட்டம் அவருக்கும் மண்டிக்காரருக்கும்தான். முகாம் காலத்தைப் பகுதிக்கேற்ப வகுப்பதும், அந்நாள்களுக்கு அரசே ஈடுசெய்வதும் சலுகையாகாது; அது படைச்செலவின் பகுதி. அதைக் கணக்கில் எழுதாமல் விட்டால், பாளையக் காலத்தைப் போலவே படையின் செலவு கருவூலத்திலிருந்து குடிமக்களின் அடுப்படிக்கு இடம்பெயரும்.

மத்திய அரசு செய்ய வேண்டிய முதல் காரியம், கணக்கை வெளிப்படையாக வைப்பது. ஒரு நிரந்தர பட்டாலியன், ஒரு பிராந்திய ராணுவ பட்டாலியன், ஒரு கேடர் பட்டாலியன் ஆகியவற்றுக்கு ஊதியம், ஓய்வூதியம், பயிற்சி, தளவாடம், அழைப்புக் காலச் செலவு என்று தனித்தனியே வாழ்நாள் கணக்குப் போட்டு நாடாளுமன்றத்தில் வைக்கலாம். இதில் ரகசியம் எதுவும் வெளியாகிவிடாது. அக்னிபத் திட்டத்தால் எவ்வளவு மிச்சம் என்பதோடு, அந்த மிச்சத்தால் எதை இழக்கிறோம் என்பதும் அப்போது தெரியவரும்.

முதல் அணி வெளியே வரும் இந்தக் காலம் அதற்கு உகந்தது. கலைந்து ஊர் ஊராகச் சென்றுவிட்டபின் அவர்களை ஒன்றுசேர்ப்பது கடினம். இரண்டு, மூன்று ஆண்டுகள் துப்பாக்கியைத் தொடாத கையை மறுபடியும் பழக்குவதற்கு ஆகும் செலவு, இன்று அதைப் பழக்கத்தில் வைத்திருக்க ஆகும் செலவைவிட அதிகம். அந்தச் செலவைச் செய்யும் நாள் வந்தால், அது பெரும்பாலும் நிதானமாகக் கணக்குப் பார்க்க அவகாசம் தராத நாளாகவே இருக்கும்.